வேறு வீட்டுச் சத்தம்

மூன்றாவது கியர் போடக் கை தானாக ஸ்டியரிங்குக்கு அடியில் போய்க் காற்றைப் பிடித்தது. பொள்ளாச்சியில் கிளம்பினதிலிருந்து இது நாலாவது தடவை. முப்பது வருஷமாக அங்கே நீட்டிக்கொண்டிருந்த கியர்த் தண்டு இப்போது அங்கே இல்லை, தரையைத் துளைத்துக்கொண்டு இருக்கைக்கு முன்னால் வந்து நிற்கிறது, இது நாச்சிமுத்துவின் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கைக்கு யார் போய்ச் சொல்வது. பார்க்காமலே தடவித் தரைக் கியரைப் பிடித்தார். அதன் குமிழ் வழவழவென்று இருந்தது. இன்னொருத்தர் இருபது வருஷம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த வழவழப்பு. அவர் பெயர் திருமலைசாமி, உடுமலைப்பேட்டையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர், போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மனைவி அமராவதியம்மா இன்றைக்கு ஆடி அமாவாசை என்பதால் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பார், தன் வீட்டுக்காரர் ஓட்டிய நீலக் கான்டெஸா வரும், ஏறிக்கொண்டு திருமூர்த்தி மலைக்குப் போகலாம் என்று. வரப் போவதோ நாச்சிமுத்துவின் வெள்ளை அம்பாசிடர். நீலக் கார் என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. அதன் இன்ஜினும் கியர்பாக்ஸும் இந்த வெள்ளைக் காருக்குள் இருக்கின்றன, மற்றதெல்லாம் தகரமாகப் போய்விட்டது. அதை அந்த அம்மாவிடம் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் போகிறார். போகிறவர் நேர் ரோட்டில் போகாமல் ஊருக்குள் சுற்றிப் போகிற வழியில் வண்டியைத் திருப்பியிருந்தார், ஏதோ தென்னந்தோப்பு பார்க்கப் புறப்பட்ட மாதிரி.

அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க. வேண்டாம், இப்படி ஆரம்பித்தால் யாரோ செத்துப்போன சேதி என்று பயந்துவிடுவார். அம்மா, வண்டி வந்திருக்குதுங்க, ஆனா வேற வண்டிங்க. இது விடுகதை. அம்மா, உங்க வண்டி, என்ற வண்டிக்குள்ள நல்லா இருக்குதுங்க. இதைக் கேட்டால் அந்த அம்மா சிரிப்பாரா, செருப்பை எடுப்பாரா. அடிக்கிற ஆள் இல்லை. அடித்தால்கூடப் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டால் கணக்கு முடிந்துபோகுமே, அந்த மாதிரி. நாச்சிமுத்து பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லாததைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியும் இன்னும் பார்க்கிறார். மனைவி தெய்வானை இருந்தால் என்ன சொல்வாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குப் பொய்யும் சொல்ல வராது, நெசமும் சொல்ல வராது, நடுவாப்புல நின்னு மென்னு முழுங்கத்தான் வரும். நீ சும்மா இரு தெய்வானை. நானா சும்மா இருக்கோணும், நான்தான் மூணு வருசமா சும்மாவே இருக்கறனே. இப்படி அவளே வந்து பேசுகிறாளா, இவரே இரண்டு பேர் வேஷமும் கட்டுகிறாரா என்று யோசிக்கப் பயமாக இருந்தது. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில் தனக்குத் தானே பேசிக்கொண்டு நடந்த ஃபிட்டர் ஒருத்தரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் சிரித்தார். இப்போது சிரிக்கவும் ஆளில்லாமல் வீட்டில் பேசுகிறார். மகன் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, சரிங்கப்பா வெக்கட்டுங்களா. அவனையும் குறை சொல்ல முடியாது. இவரும் அந்த மூன்றுக்கு மேல் நாலாவதாக ஒன்று கேட்கும்படி எதுவும் செய்து வைக்கவில்லை. பாதிச் சாலையில் உட்கார்ந்திருந்த நாய் எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்து வழிவிட்டது. கண் ஒரு தடவை வெப்ப முள்ளுக்குப் போய் வந்தது. முள் நடுவில்தான் நின்றது.

அந்த முள்ளைப் பார்க்கிற வழக்கம் வந்தது அந்த நாளில். தெய்வானைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள், பாதி வழியில் முள் சிவப்புக்கு ஏறியது. தண்ணீர் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. நிறுத்தி, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றினால் பிழைத்திருக்கும், அது பதினைந்து நிமிஷ வேலை. அவர் நிறுத்தவில்லை. இன்ஜின் கடகடவென்று கத்த ஆரம்பித்தது, பானெட் விளிம்பில் ஆவி வந்தது. ஏனுங்க, வண்டி கத்துதுங்க, பாவமுங்க, நிறுத்தித் தண்ணி ஊத்துங்க என்றாள். மூச்சே விட முடியாதவள் வண்டிக்குப் பாவம் பார்த்தாள். நீ பேசாத, பேசாத என்று அதட்டினார். கடைசியாக அவளை அதட்டியது அதுதான், அதற்கப்புறம் பதினோரு நாள் அவள் இருந்தாள், அதட்டுகிற மாதிரி எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தானாக நின்றது. பிளாக் வெடித்துவிட்டது, இனி இந்த இன்ஜின் எடைக்குத்தான் என்று அங்கிருந்த மெக்கானிக் சொன்னான். வேனில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டோரம் நிறுத்தினார்கள். மூன்று வருஷம் அப்படியே நின்றது. எலி உள்ளே குடித்தனம் வைத்தது. வித்துருங்கப்பா, நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன் என்றான் மகன். நல்லது எதற்கு. நல்லதில் தெய்வானை உட்கார்ந்ததில்லை. இந்த வண்டியின் முன்சீட்டில் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, முப்பது வருஷம் ஒருத்தி உட்கார்ந்து விழுந்த பள்ளம், துணி மாற்றியும் போகவில்லை. சாயங்காலங்களில் அவர் வீட்டுக்கு வெளியே வந்து, நின்றுபோன வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருவார். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக ஜன்னலைச் சாத்தினாள். அப்போதுதான் வண்டியை ஓட வைத்தே தீருவது என்று முடிவு செய்தார். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உக்கடத்தில் ஹக்கீமின் பட்டறை. நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது சின்னவர், வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுவார். தனி இன்ஜினாத் தேடாதீங்ணா, நம்பி வாங்க முடியாது. ஓடற கான்டெஸா ஒண்ணு சல்லிசாக் கெடைச்சாப் புடிச்சுட்டு வாங்க, இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் அத்தனையும் அதுலயே கெடைச்சுரும், மிச்சத்தத் தள்ளி உட்ரலாம். சொல்கிறபோது சுலபமாகத்தான் இருந்தது. பலாப்பழத்தில் சுளையை எடுத்துக்கொண்டு மட்டையை மாட்டுக்குப் போடுவதில்லையா. தேடி அலைந்து உடுமலையில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வண்டி ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. இவருக்கு முன்னால் ஆறு பேர் வந்து போயிருந்தார்களாம். வந்ததும் பானெட்டத் தூக்கிப் பார்த்தாங்க, சக்கரத்த ஒதைச்சுப் பார்த்தாங்க, அறுத்து விக்கறவங்களுக்கு நான் குடுக்கறதா இல்லீங்க தம்பி என்றார் அமராவதியம்மா. நாச்சிமுத்து பானெட்டைத் தூக்கவில்லை. நேராகப் போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார், ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்தார். வேண்டுமென்று செய்ததில்லை. வீட்டில் சாயங்காலம் செய்து செய்து பழகிப்போனது. அந்த அம்மாவின் முகம் அங்கேயே இளகிவிட்டது. ஓட்டறதுக்குத்தானுங்களே தம்பி? ஆமாங்க. அவ்வளவுதான், ஒரு சொல். ஓட்டுவதற்குத்தான், அது பொய்யில்லையே. எந்த வண்டியை என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பேரீச்சம்பழ விலைக்கு வண்டியைக் கொடுத்தார். இன்னுங் குறைச்சுக்கோங்க, நல்லாப் பாத்துக்கிட்டாப் போதும் என்றார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். வருசாவருசம் ஆடி அமாவாசைக்கு அவரு என்னையத் திருமூர்த்தி மலைக்குக் கூட்டிட்டுப் போவாருங்க. இந்த ஒரு வருசம் மட்டும் நீங்க வந்து இந்த வண்டீல கூட்டிட்டுப் போங்க, அப்புறம் கேக்கமாட்டேன். நாச்சிமுத்து பூம்பூம் மாடாகத் தலையாட்டினார். ஆடி அமாவாசைக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாதத்தில் என்னென்னவோ நடக்கலாம், மறந்துகூடப் போகலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பு இப்போது பல்லில் மாட்டின நார் மாதிரி நாக்குக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முன்னால் ஒரு டிராக்டர், அதற்கு முன்னால் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் மொபெட்டில். இன்ஜினை நிறுத்தலாமா என்று நினைத்து நிறுத்தாமல் விட்டார். நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஒரு வண்டியின் சத்தம் முழுதாகக் காதில் விழும். மெத்தென்று, அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் எட்டுத் துடிப்புக்கு ஒரு தரம் சின்னதாக ஒரு தடுக்கல். பழைய இன்ஜின் இப்படி இல்லை. அது கரகரவென்று வெற்றிலை போட்ட கிழவன் மாதிரி பேசும். அந்தக் கரகரப்பு தெருமுனையில் வரும்போதே தெய்வானை வந்து கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள், ஹாரன் அடிக்க வேண்டிய வேலையே இல்லை. நாச்சிமுத்து தலையைச் சாய்த்து இன்னொரு தரம் கேட்டார். இந்த ஐந்து மாதத்தில் இன்ஜின் உட்காருகிற மவுண்டிங்கை எங்கே வைத்துப் பற்றவைப்பது என்று பார்த்தார், பின்சக்கரத்துக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டை எத்தனை அங்குலம் வெட்டுவது என்று பார்த்தார், ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடையாய் நடந்து ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றினார், ஒரு நட்டைக்கூட மறக்கவில்லை. சத்தம் இன்ஜினுக்குள் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இதையும் ஒருத்தன் மறப்பானா. பள்ளத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார், சீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார், ஆனால் தெய்வானை எழுந்து வந்தாலும் இந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போது உள்ளேயே உட்கார்ந்திருப்பாள், யார் வீட்டு வண்டியோ என்று. இது வேறு வீட்டுச் சத்தம். இதற்குக் கேட்டைத் திறக்கிறவர் உடுமலையில் இருக்கிறார்.

அன்றைக்குப் பட்டறையில் செயின் பிளாக்கைக் கட்டி இன்ஜினைத் தூக்கியபோதும் நாச்சிமுத்து பக்கத்திலேயே நின்றார். சங்கிலி கிரிக் கிரிக்கென்று ஏற ஏற, அது ஆயில் சொட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது, நீலக் காரின் முன்பக்கம் பாரம் போனதில் ஒரு சாண் மேலே எழும்பியது. மூச்சு விட்டது மாதிரி இருந்தது. மிச்ச வண்டிய என்னங்ணா பண்றது என்று ஹக்கீம் கேட்டார். நாச்சிமுத்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது சீட்டெல்லாம் வெளியே கிடந்தன, யாரோ ஒருவர் முன்சீட்டில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் போனபோது அதுவும் இல்லை. கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. கேட் இன்னும் திறக்கவில்லை, செல்போன் அடித்தது. அமராவதியம்மா. தம்பி, பொறப்பட்டுட்டீங்களா? பொறப்பட்டுட்டனுங்கம்மா, கேட்டுல நிக்கறனுங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க, தயிர்ச்சாதம் உங்களுக்குஞ் சேர்த்துக் கட்டிட்டேன். இப்போது சொல்லிவிடலாம். முகம் தெரியாது, சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அம்மா என்றார். சொல்லுங்க தம்பி. ஒண்ணுமில்லீங்க, வர்றனுங்க. ரயில் ஒன்று சாவகாசமாகப் போனது, ஜன்னலோரம் முழுக்க அமாவாசைக்குப் போகிற முகங்கள், ஒரு பெண் இவரைப் பார்த்துச் சும்மா கையாட்டினாள். இவரும் ஆட்டினார். அந்த ஒரு கையாட்டலில் ஏனோ கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து ஒருவர் தன்னைப் பார்த்துச் செய்தது அது ஒன்றுதான். கேட் திறந்தது, கை மறுபடியும் ஸ்டியரிங்குக்கு அடியில் போனது.

உடுமலையில் கொழுமம் ரோட்டில் ஒரு முக்கு, அங்கே திரும்பினால் நீளமாக ஒரு வீதி, அதன் கடைசியில் அந்த வீடு. முக்கில் திரும்பும்போதே தூரத்தில் கேட் திறப்பது தெரிந்தது. அமராவதியம்மா கையில் கூடையுடன் வெளியே வந்தார். அரக்கு நிறப் புடவை. முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்து வந்ததில்லை, வண்டியைப் பார்த்தும் வந்ததில்லை, காதால் வந்தது என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்தது. ஏனென்றால் வெள்ளைக் கார் பக்கத்தில் வரவர அந்தச் சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. அந்த அம்மா வெள்ளைக் காருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் நீலக் கார் வருகிறது, இது வழியை மறைக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. பின்னால் வீதி காலியாகக் கிடந்தது. நாச்சிமுத்து இறங்கினார். இன்ஜினை நிறுத்தவில்லை, தோன்றவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை.

"முக்குல திரும்பயிலயே கேட்டுது. அடுப்ப அணைச்சுட்டு ஓடியாந்தேன்" என்றார் அமராவதியம்மா. "எங்க வண்டி எங்கீங்க தம்பி?"

"உங்க இன்ஜின் இதுக்குள்ள இருக்குதுங்கம்மா. இது என்ற வண்டிங்க. இன்ஜின் போயிருச்சுங்க. அதுக்காகத்தான் உங்குளுத வாங்குனனுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டுட்டேன். தப்புத்தானுங்க."

"ஓட்டறதுக்குன்னீங்களே."

"இதைய ஓட்டறதுக்குங்க." சொல்லும்போதே நாக்கு கூசியது. "என்ற ஊட்டுக்காரி உக்காந்த வண்டிங்கம்மா. அவ போயி மூணு வருசமாச்சு. அந்த சீட்டுல அவ உக்காந்த பள்ளம் இருக்குதுங்க. அத உட மனசில்லீங்க."

அமராவதியம்மா குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். இடது ஓரத்துப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்தார். தரையில் நின்ற கியரை, அதன் வழவழத்த குமிழைப் பார்த்தார். கையை நீட்டப் போய் எடுத்துக்கொண்டார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"செரிங்க. உங்க ஊட்டுக்காரி உக்காந்த சீட்டு உங்களுக்கு இருக்குது. எங்கூட்டுக்காரரு உக்காந்த சீட்டு எங்கீங்க?"

பட்டறையில் வெளியே கிடந்தது. ஒருவர் அதில் சாய்ந்து பீடி பிடித்தார். அப்புறம் அது எங்கே போனது என்று இவர் கேட்கவில்லை. "தெரியலீங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. அறுபது வயசில் இத்தனை சின்னப் பதிலாக அவர் எதையும் சொன்னதில்லை.

இன்ஜின் மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டுக்கு ஒரு தரம் அந்தச் சின்னத் தடுக்கல். அமராவதியம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டு, "அந்தச் சத்தத்த நிறுத்துங்க தம்பி" என்றார். "என்னால கேக்க முடியல."

நிறுத்தினார். வீதியே காலியானது மாதிரி ஆகிவிட்டது. மலைக்குக் கூட்டிட்டுப் போறனுங்க, ஏறுங்க என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் அது என்ன பேச்சு. பஸ்சுல போய்க்கறேன் என்று அந்த அம்மாவே சொன்னார். கூடையிலிருந்து இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து இவர் கையில் கொடுத்தார், கட்டினதை வீணாக்கக் கூடாது என்பது போல, வேறு ஒன்றுமில்லை. உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார், ஓசைப்படாமல் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

நாச்சிமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தார். பிடித்த கை திருகவில்லை. திருகினால் அது பாடும். உள்ளே போன அம்மா கூடத்தில் நிற்பாரோ, சாமி அறையில் உட்கார்ந்திருப்பாரோ, எங்கே இருந்தாலும் கேட்கும், வீட்டுக்காரர் வந்த சத்தம் கிளம்பிப் போகிற சத்தமாகக் கேட்கும். ஐப்பசியில் அவரே போனது ஒரு தடவை, வண்டி விற்ற அன்றைக்கு ஒரு தடவை. மூன்றாவது தடவையும் தன் கையால் வேண்டாம். பொட்டலத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். கியரை நியூட்ரலில் விட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையை ஸ்டியரிங்கில் கொடுத்து, தோளைக் கதவுச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். முதலில் அசையவே இல்லை. இரும்பு என்றால் அந்தக் காலத்து இரும்பு. செருப்பு வழுக்கியது, கழற்றி உள்ளே போட்டார். மறுபடி தம் கட்டித் தள்ள, சக்கரம் மனசே இல்லாமல் உருண்டது. திருப்ப வேண்டும், வீதியை வளைத்துத் திருப்புவதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விழுந்துவிடுவேனோ என்று பயம் வந்தது, விழுந்தால் இந்த வீதியில் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்ற பயமும் கூடவே வந்தது, இருந்தாலும் தள்ளினார். பால் கேனோடு சைக்கிளில் எதிரே வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்னங்க, செல்ஃப் எடுக்கலீங்களா?"

"எடுக்குமுங்க."

"அப்புறம் ஏனுங்க தள்றீங்க?"

நாச்சிமுத்து தோளை மாற்றிக் கொடுத்துத் தள்ளினார். அந்த ஆள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பின்னால் வந்து கை வைக்கப் போனார், வேண்டாமுங்க என்று நாச்சிமுத்து தலையாட்டினார். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பைத்தியமோ என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். நினைக்கட்டும். ஒரு வீட்டு வாசலில் கோலம், சக்கரம் படாமல் ஒதுக்கினார். இன்னொரு வீட்டில் காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கு வந்தது. இங்கேயிருந்துதான் அந்த அம்மாவுக்குக் கேட்டது. நாச்சிமுத்து நின்று, வண்டியில் சாய்ந்து, மூச்சு வாங்கினார். திரும்பி வீதியைப் பார்த்தார், கேட் சாத்தியே இருந்தது. பிறகு கொழுமம் ரோட்டில் திருப்பி இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார்.